ஒன்பது நாள் சுவர்

மார்ச் 4

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம். உங்கள் இருமல் இன்னும் விடவில்லை என்று அக்கா புலம்புகிறாள். போனில் கேட்டால் கேலி பேசியே நழுவிவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம். என் வேலை உங்களுக்குத் தெரியும். முதலாளி எதையாவது மாற்றச் சொன்னால், கம்ப்யூட்டருக்குள் கட்டட வேலையை ஒத்திகை ஓட்டி, எத்தனை நாள் கூடும் என்று சொல்ல வேண்டும். இப்போது நீங்கள் மேஸ்திரியாக இருக்கிற கட்டடத்தில் நாலு மாடியிலும் குளியலறைகளை எதிர்ப்பக்கம் மாற்றச் சொல்கிறார். ஒத்திகை, பத்தே நாள் என்கிறது. எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் மச்சான்

மார்ச் 9

அருமை மச்சானுக்கு உன் மாமன் எழுதிக்கொள்வது.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனிடம் வந்து சந்தேகம் கேட்கிறாயே, உன் வாத்தியார் கேட்டால் அழுவார். உன் கம்ப்யூட்டர் பெட்டி சுவரை இடிக்கிறதே, தூசி பறக்குமா? இருமல் வருமா? இங்கே முதலாளி மாற்றச் சொல்லிச் சொல்லி, படிக்கட்டுச் சுவரை மூன்று தடவை கட்டி, மூன்று தடவை இடித்தாயிற்று. மூன்றாம் தடவை கம்பி கட்டுகிறவர் வாயே திறக்கவில்லை. “என்னப்பா, வாய்க்கு லீவா?” என்றேன். “கட்டுறப்ப இருந்த தெம்பு இடிக்கிறப்ப வரலியே மேஸ்திரி” என்றார். ஆட்கள் பதின்மூன்று பேரும் மடியில் சாப்பாட்டுத் தட்டோடு தூங்கிப்போகிறார்கள். பத்து நாளாம். உன் அக்காவோடு நான் குடும்பம் நடத்துவதையும் ஒத்திகை ஓட்டிப் பார், அதுவும் சுகமாகத்தான் தெரியும்.

இப்படிக்கு,
மாமன்

மார்ச் 13

அன்புள்ள மாமாவுக்கு,

சிரித்தேன். ஆனால் நீங்கள் பதில் சொல்லவில்லை. வேலைக் குறிப்பேட்டில் அந்தச் சுவருக்கு ஒவ்வொரு தடவையும் நாலு நாள் என்று இருக்கிறது, கீழே உங்கள் கையெழுத்து. அதை வைத்துத்தான் ஒத்திகை ஓட்டினேன். நிஜமாகவே நாலு நாள்தானா? இருபதாம் தேதி முதலாளி முடிவு சொல்கிறார். மாற்றுவது சுலபம் என்று பட்டால், இதற்கப்புறமும் மாற்றிக்கொண்டே இருப்பார்.

மச்சான்

மார்ச் 16

மச்சான்,

ஒன்பது நாள். நாலு என்று எழுதினேன்.

முதல் தடவை எஞ்சினியர் முகம் சுருங்குமே என்று எழுதினேன். “நம்ம மேஸ்திரி கை பட்டா நாலே நாள்” என்று அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்கப்புறம் எப்படி ஒன்பது என்று எழுதுவது? மீதியை ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தமில்லாமல் செய்து முடித்தோம். என் பெருமைக்கு ஆட்களின் முதுகு ஒடிந்தது. உன் பெட்டி பாவம், நான் சொன்ன பொய்யைத்தான் திருப்பிச் சொல்கிறது.

எந்த வேலைக்கு எத்தனை நாள் ஆனது என்று தனித்தாளில் உள்ளபடி எழுதி, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இதை முதலாளியிடம் கொடுத்தால் என் மேஸ்திரி வேலை போகும். உனக்கும் தெரியும். கொடுத்துவிடு. அசதியாக இருக்கிறது மச்சான்.

மாமன்

மார்ச் 21

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தாளை வைத்து மறுபடி ஓட்டினேன். முப்பத்தொரு நாள் வந்தது. முதலாளி குளியலறைகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றுவிட்டார். எஞ்சினியர் உங்களைக் கொத்தனாராக மட்டும் வைத்துக்கொள்வாராம். “ஒருத்தர் பொய்யால எல்லாரும் ஏமாந்தோம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது உங்களுக்கும் தெரியும்தானே என்று அவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கும் அவர்தானே அதிகாரி. மன்னித்துவிடுங்கள்.

மச்சான்

மார்ச் 28

அருமை மச்சானுக்கு,

மன்னிப்பெல்லாம் உன் அக்காவிடம் கேள். அவளுக்கு என்னைக் கட்டிவைத்தவன் நீ. போன ஞாயிறு ஆட்கள் எல்லோரும் பகல் முழுக்கத் தூங்கினார்கள். நானும்தான்.

புது மேஸ்திரி வந்துவிட்டார், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நேற்று ஒரு சுவரைக் காட்டி, “இதுக்கு எத்தனை நாள் எழுதலாம்?” என்று கேட்டார். “ஏழு” என்றேன்.

“அஞ்சுன்னு எழுதுனா எஞ்சினியர் சார் சந்தோஷப்படுவாரே.”

“படுவாருண்ணே. நல்லா படுவாரு.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. கை கழுவப் போய்விட்டேன்.

மாமன்