பிடுங்கிப் போட்ட தக்காளிச் செடிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

மாடியில் இந்தத் தடவை தக்காளி நன்றாக வந்திருந்தது. நேற்றுக் காலையில் அப்பா அத்தனை செடியையும் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார். பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகள். விதை போட்டு, குச்சி ஊன்றி, பிள்ளை மாதிரி வளர்த்தவரும் அவர்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க? கண்ணு தெரியலையா?" என்று கத்திவிட்டேன்.

கையெல்லாம் மண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கோச்சுக்காதீங்கம்மா. என் பெரிய பொண்ணுக்குத் தக்காளின்னா உயிரு. களையை எடுத்துட்டு, அவ வர்றதுக்குள்ள நாலு செடி போடலாம்னுதான்..." என்றார்.

அப்பா என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் கத்தியிருக்க வேண்டாம். இரண்டு பேருமாகச் செடிகளை மறுபடி நட்டு, தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். மத்தியானமே எல்லாம் தலை தொங்கிவிட்டன.

வாசப்படி மிதிக்காதே என்று சொன்னவர் தானாகக் கூப்பிட்டால்தான் வருவேன் என்றாய். உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் வற்புறுத்தவில்லை. இனிமேல் அவர் கூப்பிட மாட்டார் அக்கா. உன்னோடு சண்டை போட்டதே அவருக்கு ஞாபகம் இல்லை. ஆபீஸ் விட்டு நீ இன்னும் வரவில்லையே என்று சாயங்காலமானால் வெளிக்கேட்டில் போய் நிற்கிறார். உள்ளே கூட்டிவருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

உன்
தங்கை