புத்தருக்கு முதுகு காட்டிய படம்

குஞ்சு,

நேற்றுப் பின்னேரம் உன் மகன் வேலை உடுப்போடேயே மனுரேவாவில் என் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணி கூட வேண்டாம் என்றான். சட்டைப் பையிலிருந்து உன் ஃபேக்டரி அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். தலையில் வலைத்தொப்பி, முறைத்த முகம். சலாட்டைப் பைகளில் அடைக்கிற வேலைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்த அன்று எடுத்த படம்.

“ஆன்டி, கல்லறைக் கல்லுக்கு ஃபோட்டோ வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கட்டாம். மம் சிரிக்கிற மாதிரி என்னட்ட ஒண்டும் இல்ல. உங்கட்ட இருக்கா?”

இருந்தது என்று சொல்ல வாய்வரை வந்தது. “தேடிப் பாக்கிறன் ராசா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவன் போனதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்பில்லை. உடுப்புக் காயப்போடப் போய்ப் பாதியில் திரும்பி வருகிறேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. ஃபோனைத் திறக்கிறேன், மூடுகிறேன், திரும்பத் திறக்கிறேன்.

உனக்குப் படம் என்றாலே ஆகாது. யார் ஃபோனைத் தூக்கினாலும் கையால் முகத்தைப் பொத்துவாய். “என்னைப் பிடிச்சால் கமரா வெடிச்சிடும்” என்பாய். ஒரேயொரு தரம்தான் நீயாகவே “எடடி” என்று நின்றாய். அந்தப் படத்தைத்தான் நான் அழித்தேன்.

மடு மாதா கோயில் திருவிழாவுக்கென்று இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு நாம் இரண்டு பேரும் ஊருக்குப் போன பயணம். கொழும்பிலிருந்து மன்னாருக்குப் போகிற வழியில் அனுராதபுரத்தில் இறங்கிப் புத்த கோயிலைப் பார்ப்போம் என்று நீதான் சொன்னாய். கலியாணத்துக்கு முன்பு கொழும்புக் கடையில் உன்னோடு வேலை செய்த சிங்களப் பிள்ளைகள் எத்தனையோ தரம் கூப்பிட்டும் போகக் கிடைக்கவில்லையாம்.

புத்த கோயிலுக்குப் போகிறவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று என் மகள் ஒரு லிஸ்ட் அனுப்பியிருந்தாள். வான் வண்டிக்குள் இருந்து நீ சிரித்த சிரிப்பு!

“எங்கட நாட்டுக்குப் போறதுக்கு எங்களுக்கே லிஸ்டோ? சரி சரி, நாங்கள் இப்ப வெள்ளைக்காரியள்தானே. வாசியடி.”

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். வெள்ளை உடுப்பு நல்லது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சப்பாத்தும் தொப்பியும் வாசலோடு. நிலத்தில் இருக்கும்போது சிலைப் பக்கம் கால் நீட்டக் கூடாது. பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது. வைக்கப் போகிற பூவை மணந்து பார்க்கக் கூடாது. அதற்குள் வான் குலுங்கிய குலுக்கலில் எனக்குக் கண் சுற்றியது. “மிச்சமும் இப்பிடித்தான்” என்று ஃபோனை மூடிவிட்டேன். மிச்சம் இரண்டு வரிதான் இருந்தது. மன்னாருக்குப் போன பிறகுதான் அதை வாசித்தேன்.

நான் வாசித்ததை எல்லாம் நீ ஒன்று விடாமல் செய்தாய். வெயிலில் கல் கொதித்தது. காலுறையோடு குதித்துக் குதித்து நடந்தாய். தாமரைப் பூவைக் கையை நீட்டித் தூரப் பிடித்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு போனாய். “மணம் தானா வந்தால் நான் என்ன செய்யிறது?” என்று என்னிடம் குசுகுசுத்தாய். முழங்கால் நோவோடு காலை மடக்கி இருந்தாய். “பூசையில முட்டுக்காலில நிக்கிறது இதுக்குப் பரவாயில்லையடி.”

பிறகு எழும்பிப் பெரிய புத்தருக்கு முன்னால் போய், எனக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாய். “எடடி ஒண்டு.” வாய் நிறையச் சிரித்தாய். எடுத்தேன். மடுவில் எல்லோரும் மாதாவுக்கு முதுகைக் கொடுத்துத்தானே படம் எடுக்கிறோம்? உன் கலியாணப் படத்திலும் பீடம் பின்னால்தான் இருக்கிறது. பிழை என்று எங்களுக்கு எங்கே தெரியும்?

காவல்காரர் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு வந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். சத்தம்கூடப் போடவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் சண்டைக் காலத்தில் ஆமி செக்பொயின்றில் கேட்ட சிங்களம்தான். காக்கி உடுப்பையும் அந்தப் பாஷையையும் ஒன்றாகக் கண்டதும் என் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஃபோனை அவர் முகத்துக்கு நேரே பிடித்துப் படத்தை அழித்தேன். அழித்த படங்கள் போய்க் கிடக்கிற இடத்துக்கும் போய், அங்கேயும் அழித்துக் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நீ கை கூப்பி அவரோடு சிங்களத்தில் கதைத்தாய். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனார். வான் ஓட்டிவந்த தம்பி வெளியே நின்றான். அவர் சொன்னது விளங்கியது உனக்கு மட்டும்தான்.

நீ பக்கவாட்டில் போய், புத்தரைப் பார்த்து நின்று “இப்ப எடு” என்றாய். அந்தப் படம் இருக்கிறது. வெள்ளைச் சால்வை, ஒரு காது, அரைக் கன்னம்.

திரும்ப வானுக்குள் ஏறியதும் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடடி. முகம் என்ன ஓடியா போகப் போகுது?” என்றாய். எட்டு மாதம் கழித்து ஒரு காலை நீ வேலைக்கு வரவில்லை.

அந்த மிச்ச இரண்டு வரியில் இருந்தது இதுதான்: புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. அது அவர்களுடைய மரியாதை. நம் கோயிலுக்குள் தொப்பியோடு ஒருவன் வந்தால் நாமும் சொல்லத்தான் செய்வோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கை மேல்தான் எனக்குக் கோபம்.

கண்ணை மூடினால் அந்தச் சிரிப்பு அப்படியே வருகிறது. வேலை லைனில் நிற்கும்போதும் வருகிறது. அதை என்னிடமிருந்து எடுத்து உன் மகனுக்குக் கொடுக்க ஒரு வழியும் இல்லை.

இன்று காலை அந்த அரைக் கன்னப் படத்தை அவனுக்கு அனுப்பினேன். உடனே ஃபோனில் கூப்பிட்டான்.

“முகம் தெரியேல்லையே ஆன்டி. வேற ஒண்டும் எடுக்கேல்லையா?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “எடுத்தனான் ராசா. கொம்மா சிரிச்சுக்கொண்டு நிண்டவ. நான்தான் அழிச்சுப்போட்டன்.”

பிறகு மெதுவாகக் கேட்டான். “அழிக்கச் சொன்னாங்களா?”

எனக்குத் தெரியாது என்றேன். உன்னிடம் ஒருநாளும் கேட்கவில்லையே நான். வானுக்குள்ளும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு எட்டு மாதம் பக்கத்தில் நின்று வேலை செய்தும் கேட்கவில்லை.

குஞ்சு, அந்த மனுசன் படத்தை அழிக்கத்தான் சொன்னவரா, இல்லை உன்னைக் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொன்னவரா?