முன்பக்கம் ஹூக் வைத்தது

மார்ச் 3, செவ்வாய்

பிசியோ இன்றும் திரும்பிப் போனார். அம்மா அறைக்கதவைத் திறக்கவே இல்லை. "நாளைக்கு வரச் சொல்லு" என்று உள்ளிருந்தே குரல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக இதே கதைதான். மனுஷன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வாதம் வந்த கையை ஆரம்பத்துலதான் கொஞ்சமாவது மீட்க முடியும் சார். விட்டுட்டா இடது கை அப்படியே நின்னுடும்." எனக்குத் தெரியாதா? உள்ளே இருக்கும் மகாராணிக்கு யார் சொல்வது?

மார்ச் 5

சண்டை. நான் கத்தினேன், அவளும் கத்தினாள். கத்துகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று பிறகு ஓர் அற்ப சந்தோஷம்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். கண்காணாத ஊரிலிருந்து தம்பிக்குப் புத்தி சொல்வதற்கென்றே ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு மனச்சோர்வு, டாக்டரிடம் மாத்திரை கேட்கப்போகிறேன் என்றேன்.

"குளிப்பாட்ட வர்றவங்க என்ன போட்டு விடுறாங்க?"

"நைட்டி."

"உள்ள?"

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"லூசு. உள்ள ஒண்ணும் போடாம அம்மா யார் முன்னாடியாவது வந்து பாத்திருக்கியாடா? இதுக்கு மாத்திரையாம்!"

பார்த்ததில்லைதான். ஏன், அந்தத் துணியையே நான் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து ஒரே வீடு. கொடியில் துண்டு காயும், துண்டுக்கு அடியில் எதுவோ காயும். கண் அந்தப் பக்கம் போகாது. போகக்கூடாதென்று யாரும் சொன்னதும் இல்லை.

மார்ச் 9

காலையில் குளிப்பாட்ட வரும் அம்மாளிடம் கேட்டே விட்டேன், அவர் முகத்தைப் பார்க்காமல். "பழைய பாடி தோளை அறுக்குது சார், அந்தக் கைக்கு வலி தாங்கல. நான் போட்டு விட்டாலும் மத்தியானம் படுக்கும்போது கழட்டணும். சாயங்காலம் அந்த ஆளு வர்ற நேரத்துக்கு ஹூக் மாட்டிவிட யாரு இருக்கா? நீங்களா?"

நானா! வேலைக்கு ஓடினேன்.

மார்ச் 10

துணிக்கடைக்குள் நுழைந்து ஆண்கள் பனியன் பக்கமே ரொம்ப நேரம் நின்றேன். ஒரு பையன் வந்து பனியனைப் பிரித்துப் போட ஆரம்பித்துவிட்டான். கடைசியில் பெண்கள் உள்ளாடைக் கவுண்டரில் இருந்த பெண்தான் கூப்பிட்டாள்.

"வீட்டுக்காரம்மாவுக்கா சார்?"

"அம்மாவுக்கு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அளவு?" என்றாள். தெரியாது. "குத்துமதிப்பா வாங்கித்தான் சார் முக்கால்வாசிப் பேர் தோள்வலியோட அலையுறாங்க. பாரத்தைத் தோள் தாங்கக்கூடாது, சுத்தி வர்ற பட்டை தாங்கணும். மார்புக்குக் கீழ ஒரு நூல், மேல ஒரு நூல், சுத்தி எடுத்துட்டு வாங்க."

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் தினமும் இதையேதான் சொல்கிறேன். மூக்கை அழுத்தக்கூடாது, காதில் தொங்கக்கூடாது, அளவு எடுக்காமல் வாங்காதீர்கள் என்று. ஊருக்கெல்லாம் உபதேசம்.

மார்ச் 12

குளிப்பாட்டும் அம்மாள் அளந்து கொடுத்த நூல் இரண்டும் நேற்று முழுக்கச் சட்டைப்பையில் இருந்தன. இன்று கொடுத்து வாங்கிவிட்டேன். அகலப் பட்டை, கம்பி கிடையாது, உடம்பை உறுத்தாத துணி. அதோடு என் சொந்த யோசனை: முன்பக்கம் ஹூக் வைத்தது. கையைப் பின்னால் வளைக்க வேண்டாமே. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். அம்மாவின் கட்டிலில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தினேன்.

ஹாலில் உட்கார்ந்து பேப்பரைப் புரட்டினேன். பிறகு ஏதோ வந்து கதவில் மோதியது.

"ரெண்டு பக்கத்தையும் எந்தக் கையாலடா சேர்ப்பேன்?"

அழுகிறாள். அப்பா போனபோதுகூட இப்படி அழுது நான் கேட்டதில்லை. நான் ஒரு மடையன். ஒரு கைதான் இருக்கிறது அவளுக்கு, ஒரு கை, அதைக்கூட யோசிக்காம... சே.

மார்ச் 14

ஒரு கையால் முடியுமா முடியாதா, பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். தலையணைக்கு மாட்டி, முழங்காலுக்கு நடுவே இடுக்கி, இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மல்லுக்கட்டினேன். ஒரு ஹூக் மாட்டினால் அடுத்தது விட்டுப்போகிறது. வியர்த்து வழிந்து நிமிர்ந்தால், வாசலில் அம்மா. போர்வையைக் கழுத்துவரை சுற்றியிருந்தாள். எத்தனை நேரமாக நின்றாளோ!

"தலையணைக்கு லூசா இருக்கே" என்றாள்.

சிரித்துவிட்டோம். அவள் முகம் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது. அதைப் பார்த்ததும் நான் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 16

உள்ளாடையைத் திரும்ப எடுக்கமாட்டார்களாம். போகட்டும். தலையணைக் கதையைச் சொன்னதும் கடைப்பெண் ஹூக்கே இல்லாத ஒன்றைத் தேடி எடுத்தாள். நன்றாக இழுபடுகிறது, ஆனால் தொய்யவில்லை. "தலைவழியா வேண்டாம். பாவாடை மாதிரி காலை விட்டு மேல இழுக்கச் சொல்லுங்க. வலிக்கிற கையை முதல்ல பட்டைக்குள்ள விடணும்." இதை அம்மாவிடம் நான் எப்படிச் சொல்வது? அக்காவுக்குப் போன் போட்டு விவரத்தைச் சொல்லி, போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய் நின்றேன்.

மார்ச் 17

சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டாள். பிசியோ ஹாலில், நான் ஹாலில். உள்ளே கட்டில் கிரீச்சிடுகிறது, மூச்சு வாங்குகிறது, ஒரு தரம் "சனியனே" என்று கேட்டது. உதவிக்குப் போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியவில்லை.

கதவு திறந்தது. தலை சீவியிருந்தாள். நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக வகுப்புக்குள் நுழைந்த நடை எங்கே போகும்?

"ம், ஆரம்பிங்க" என்றாள் பிசியோவிடம்.

அவர் போன பிறகு, இறுக்குதாம்மா என்று கேட்க வாய் வரவில்லை. அவளாகவே, சுவரைப் பார்த்துக்கொண்டு, "போட்ட மாதிரியே தெரியல" என்றாள். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 6

அம்மாவின் இடது கட்டைவிரல் அசைந்தது! "பத்து தடவைன்னுட்டு எட்டோட நிறுத்துறீங்க" என்று பிசியோவுக்குத் திட்டு வேறு.

ஏப்ரல் 22

துவைத்து மாற்ற இன்னொன்று வாங்கினேன்.

மே 2

மறுபடி வாதம், மறுபடி ஆஸ்பத்திரி. இந்தத் தடவை பேச்சு போய்விட்டது. என்னைப் பார்க்கிறாள், யாரையோ பார்ப்பதுபோல. டாக்டர் மூளைப் படத்தைக் காட்டி என்னென்னவோ விளக்கினார். தலையாட்டினேன். ஒன்றும் ஏறவில்லை.

மே 19, செவ்வாய்

வீட்டுக்கு வந்தபின் பிசியோ இன்றுதான் வந்தார். நானே அறைக்குள் கூட்டிப்போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நைட்டியின் மேல் பட்டன்கள் திறந்து கிடந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வையைத் தேடவில்லை. நல்ல கைகூட மார்புப் பக்கம் போகவில்லை.

டாக்டர் படம் காட்டிச் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"கொஞ்சம் வெளிய இருங்க" என்றேன் அவரிடம். ஹூக் இல்லாததை பீரோவில் தேடி எடுத்தேன். கீழே உட்கார்ந்து ஒவ்வொரு காலாக உள்ளே விட்டேன். எழுப்பி நிறுத்தி, என் தோளில் சாய்த்துக்கொண்டு மேலே இழுத்தேன். வலிக்கிற கை முதலில். கண்ணை மூடிக்கொண்டே செய்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்திருந்தது. எத்தனை வருஷத்துப் பள்ளமோ.

திட்டும்மா. வெளிய போடான்னு கத்து. பேச்சு வரலன்னா கையையாவது தட்டி விடு.

அவள் தட்டிவிடவில்லை. நான் பட்டன்களைப் போட்டு முடிக்கும்வரை சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். அப்புறம் பிசியோவை உள்ளே கூப்பிட்டேன்.