அந்த அப்பா நீங்கள் இல்லை

ஏங்க, சாப்பாடு அடுப்பு மேடையில் மூடி வைத்திருக்கிறேன். கோபத்தைச் சோற்றில் காட்டாதீர்கள். நம் மகளின் நாவல் வெளியீட்டுக்கு அவளும் நானும் முன்னால் போகிறோம்.

நேற்று புத்தகத்தைப் படித்து முடித்ததும் மேசையில் வீசி, "பெத்த அப்பனையே வில்லனாக்கிட்டா. நான் வரமாட்டேன்!" என்று கத்தினீர்கள். நான் சொல்ல வந்ததைக் காதிலேயே வாங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மகளின் காதலுக்கு ஒப்பாமல் அவளை அறைக்குள் பூட்டி வைக்கிற அந்த அப்பா நீங்கள் இல்லை. அவர் என் அப்பா. கடைசியில் ஆற்றில் குதித்துச் சாகிற பெண் என் அக்கா. காய்ச்சலில் போனாள் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொன்னார்கள், உங்களுக்கும் அப்படித்தான். நம் பெண் விடாமல் துருவித் துருவிக் கேட்டு என் வாயைத் திறக்க வைத்தாள்.

நாங்கள் யாரும் மூச்சு விடாததை அவள் எழுதிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்பா திட்டினா?" என்று கேட்டேன். "எங்கப்பாவா? திட்டிட்டு அவரே பத்துப் பேருக்கு வாங்கிக் கொடுப்பார்" என்றாள். இப்படிப் பயமில்லாமல் அவளை வளர்த்தது நீங்கள்தான்.

நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கிறேன். கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

இன்னொன்று: முன்வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். யார் கேட்டாலும், "எழுதினவளோட அப்பா வர்றார்" என்றுதான் சொல்வேன்.