ஜட்ஜம்மா என்னை உட்காரச் சொன்னார்

9 ஜூன், திங்கள்

மனு பாஸ். என் அக்கா மகள் எழில்மதி இனி பெங்களூரில் இருந்தபடியே நெய்வேலிக் கோர்ட்டில் வீடியோவில் ஆஜராகலாம்.

சுரங்கத்துக்கு நிலம் போனவர்களுக்கு வேலை கேட்டுக் கம்மாபுரம் ரோட்டில் லாரியை மறித்ததாக அவள் மேல் வழக்கு. அன்றைக்குக் கூட்டம் பத்தாயிரம் பேர். நாற்பது பேர்தான் என்கிறாள் என் வீட்டுக்காரி ருக்குமணி. அவள் பின்னால் நின்றவள், அவளுக்கு என்ன தெரியும்.

எழில் இப்போது நர்ஸ். புது வேலை, இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டால் வேலை போய்விடும். வராவிட்டால் வாரண்ட். வக்கீல் சுப்புலட்சுமி மேடம்தான் மனு போட்டார். ஐடியா என்னுடையது. அதாவது, அவர் சொன்னதும் முதலில் தலையாட்டியவன் நான்.

10 ஜூன்

எங்கள் டவுன்ஷிப் பிளாக்கில் வீடு வீடாகச் சொல்லியாயிற்று. ஆர்டர் டெல்லியில் இருந்து வந்ததாகக் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.

23 ஜூன், திங்கள்

நாளைக்கு வாய்தா. மண்டைக்குள் ஒரே குடைச்சல். பொம்பளைப் பிள்ளை, ஜட்ஜம்மா முன்னால், பக்கத்தில் நம்ம ஆள் ஒருத்தர்கூட இல்லாமலா? இதுவரை எந்த வாய்தாவில் அவளைத் தனியாக விட்டேன்? கோர்ட் டவாலி பேரைக் கூப்பிட்டதும் "வந்திருக்காங்கய்யா" என்று குரல் கொடுப்பதே நான்தானே.

பெங்களூர் பஸ் பிடிக்கிறேன். ருக்குமணி கேட்கிறாள்: "அந்தப் புள்ள அலையக் கூடாதுன்னுதான வீடியோ. நீங்க எதுக்குங்க அலைஞ்சிகினு போறீங்க?"

சட்டம் தெரியாதவளிடம் என்ன பேசுவது.

24 ஜூன், செவ்வாய்

நடந்ததை எழுதிவிடுகிறேன். சந்தோஷமா பயமா — தெரியவில்லை.

எழில் அறைக்கதவைத் திறந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மாமா, உங்கள யாரு வரச் சொன்னது? சரி, சத்தம் போடாம அந்த மூலையில உக்காருங்க."

உட்கார்ந்தேன். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கீழே பஸ்ஸில் கசங்கிய கைலி. போனில் கோர்ட் தெரிந்தது. டவாலி, "எழில்மதி" என்றார். அவள் வாய் திறக்கும் முன்னால் என் வாய் — "வந்திருக்காங்கய்யா."

அங்கே எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"யாரும்மா பக்கத்துல?" என்றார் ஜட்ஜம்மா.

மரியாதைக்கு எழுந்து போன் முன்னால் போய்க் கும்பிட்டேன். மடித்துக் கட்டின கைலியோடு முழுசாகத் தெரிந்திருக்கிறேன். யாரோ சிரித்தார்கள்.

"தாய்மாமனுங்கம்மா. புள்ள தனியா இருக்குமேன்னு நெய்வேலியிலேருந்து..."

"உட்காருங்க பெரியவரே. இல்ல, வேணாம், வெளிய போங்க. இங்க பாரும்மா, ஆஜராகறப்ப ரூம்ல நீ மட்டும்தான் இருக்கணும். இன்னொரு தடவை வேற குரல் கேட்டா இந்த அனுமதி ரத்து. அப்புறம் நேர்லதான் வரணும்."

வெளியே படியில் நின்றேன். அய்யோ, நானே கெடுத்துட்டேனா. புள்ள வேலைக்கு நானே வேட்டு வெச்சிருப்பேனே.

எழில் வந்தாள். திட்டவில்லை. டிபன் வாங்கித் தந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

26 ஜூன்

ஒன்று மட்டும் உண்மை. அந்தக் கோர்ட்டில் இத்தனை நாளும் நின்றே கால் வீங்கினவன் நான். என்னைப் பார்த்து "உட்காருங்க" என்று ஜட்ஜம்மா வாயாலேயே சொன்னார். மிச்சத்தை டீக்கடையில் சொல்லவில்லை.

22 ஜூலை, செவ்வாய்

இன்று நம்ம கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுவர் டிவியில் எழில், தனியாக, நர்ஸ் உடுப்பில். "வாயத் திறந்தீங்க, அவ்வளவுதான்" என்று வக்கீல் மேடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"எழில்மதி."

படம் உறைந்துவிட்டது. பதில் இல்லை.

"எழில்மதி."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. துண்டை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டேன். ஜட்ஜம்மா டிவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

மூன்றாவது தடவை கூப்பிட்டதும் டிவி கரகரத்தது. "ஆஜர்ம்மா. நான் மட்டும்தான் இருக்கேன்."

அடுத்த வாய்தாவுக்கும் வீடியோவே போதும் என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் எழிலிடமிருந்து போன்: "மாமா, அடுத்த மாசம் பர்மனென்ட் பண்றாங்களாம்."

இன்றைக்கு அந்தக் கோர்ட்டிலேயே என் அளவுக்குப் பேசாமல் இருந்தவன் எவனும் இல்லை. இதை நாளைக்கு டீக்கடையில் விலாவாரியாகச் சொல்ல வேண்டும்.