கொட்டாய் என்றால் என்னவென்று கேட்டார்கள்

அக்கா,

இன்று காலை கடைக்கு வரும்போது, புதிதாகப் போட்ட வீட்டுமனைப் பிளாட்டுகளை ஒட்டியிருக்கும் சுரங்கப்பாதை வழியாக வந்தேன். அதைச் சுரங்கப்பாதை என்று சொல்வதே அதிகம். நான்கு வழிச்சாலைக்கு அடியில் ஒரு கான்கிரீட் பொந்து, அவ்வளவுதான். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. அது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை என்பதை மூக்கே சொல்லிவிடும். உடைந்த பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், செத்துப்போன ஒரு நாய். இதற்கு நடுவே, விலை போகாத சாமந்தியை யாரோ மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மூத்திரத்தில் ஊறி அழுகிக் கிடந்தது பூ. வண்டியை நிறுத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அந்த நாற்றத்துக்குள்ளும் சாமந்தி வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது. உங்கள் கையிலும் புடவையிலும் எப்போதும் அடிக்குமே, அதே வாசனை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இந்தச் சுரங்கப்பாதை உங்கள் ஊருக்கு வந்திருக்க வேண்டியது. ஏன் வரவில்லை என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது. எனக்குத் தெரியும்.

சாலைக்கு அளவெடுக்க வந்த கம்பெனி அதியமான்கோட்டையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து ஆபீஸ் போட்டிருந்தது நினைவிருக்கிறதா? நான் அங்கே கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் ஒப்பந்த ஆள். வெள்ளிக்கிழமைதோறும் தர்மபுரி பூ மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் நீங்கள் உள்ளே வருவீர்கள். சாமி படங்களுக்கெல்லாம் பூ வைத்துவிட்டு என் மேசைக்கு வருவீர்கள். அங்கே மாதா படம் இருக்கும். "ஒங்க மாதாவுக்கும் ஒரு கை பூ வைக்கறேன் சாமி, அவங்களும் பொம்பளதான" என்று சொல்லி, என் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிடுவீர்கள்.

ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. நாடு முழுக்கச் சிவப்புக் கோடுகள், கடலோரமெல்லாம் துறைமுகங்கள், ஆலைகளுக்குச் சின்னச் சின்னச் சக்கரங்கள். எஞ்சினியர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பேச்சில்தான் கொஞ்சம் மேடை வாசம் அடிக்கும். "இதெல்லாம் நாட்டோட நரம்பும்மா. ஓசூர்ல செஞ்ச வண்டி மறுநாளே கப்பல்ல ஏறணும்ல?" என்று உங்களுக்கு விளக்கினார். நீங்கள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரைபடத்தை வெகுநேரம் பார்த்தீர்கள்.

"இதுல சித்தேரி எங்கீங்க சார்? அங்கிருந்துதான் எங்களுக்குச் சாமை வரும்."

சித்தேரி அதில் இல்லை.

"சரி, எங்க ஊரு?"

உங்கள் ஊரும் இல்லை. "இவ்ளோ பெரிய படத்துல எங்க காட்டுக்குப் போற வழிய மட்டும் காணமே" என்று சொல்லிச் சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தோம். உங்கள் வீடு சாலைக்கு இந்தப் பக்கம், நீங்கள் சாமந்தி பயிரிட்ட காடு அந்தப் பக்கம். நடுவில் பழைய ஒற்றை ரோடு இருந்தவரை, மாட்டை ஓட்டிக்கொண்டு பேசிக்கொண்டே கடந்துவிடுவீர்கள்.

எந்தெந்த ஊருக்குச் சாலைக்கு அடியில் வழி விட வேண்டும் என்று பட்டியல் போட்டது அதற்குச் சில நாள் கழித்து. நான் ஆங்கிலத்தில் அடித்து வைத்திருந்த உங்கள் ஊர்ப் பெயரில் எஞ்சினியர் விரலை வைத்தார்.

"என்னப்பா இது, நாவமரத்துக் கோட்டை? இங்க ஊருக்கு ஊரு கோட்டையா?"

"கோட்டை இல்லீங்க சார், கொட்டாய். நாவமரத்துக்கொட்டாய்."

"கொட்டாய்ன்னா? எங்க ஊர்ல சினிமா கொட்டாய்தான் தெரியும்."

"அதேதாங்க சார். கொட்டகை. இங்க மாட்டுக்குப் போட்டிருப்பாங்க, அவ்ளோதான் வித்தியாசம்."

அவர் சிரித்தார். அவரைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை. "அப்ப ரிமார்க்ஸ்ல ஷெட்டுன்னு போட்டுரு" என்றார். போட்டேன். ஆங்கிலத்தில் நாலே எழுத்து.

நம் பக்கத்தில் கொட்டாய் என்றால் ஊர். எப்போதோ நிலத்துக்கு நடுவே கொட்டகை போட்டுக் காவல் இருந்தவர்கள், அங்கேயே வீடு கட்டி, பிள்ளை பெற்று, மாரியம்மன் கோயில் எழுப்பி ஊராகிவிட்டார்கள். பெயர் மட்டும் கொட்டாயாகவே நின்றுவிட்டது. தர்மபுரிக்காரர் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. விளக்கிப் பழக்கமே இல்லாத வாயால்தான் அன்று விளையாட்டாக உளறினேன். அதுவரைக்கும் அது முட்டாள்தனம். அதற்குப் பிறகு நான் செய்தது முட்டாள்தனம் இல்லை.

பட்டியலைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள், முழுக்க ஆங்கிலத்தில். ஆட்சேபணை இருந்தால் குறித்த நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அடியில் ஒரு வரி. அதுவும் ஆங்கிலம்தான். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் நிறுத்தினீர்கள்.

"எங்க ஊரு பேரு இருக்குதா பாரு சாமி."

இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஷெட் என்று இருந்தது. அதற்கும் பக்கத்தில், கடக்கும் வழி தேவையில்லை என்று இருந்தது. மூன்றையும் படித்தேன். அந்த வாரம்தான் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதாக இருந்தார்கள்.

"இருக்குதுங்கக்கா" என்றேன்.

அதில் பொய் ஒன்றுமில்லை பாருங்கள். அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. நீங்கள் ஊருக்குப் போய், "பேரு ஏறிருச்சு, நம்ம தம்பியே படிச்சுச் சொன்னான்" என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். மனு எழுத உட்கார்ந்தவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்கள்.

மறுநாள் எஞ்சினியரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஃபைல் மேல போயிருச்சுப்பா. இப்ப மாத்தச் சொன்னா யாரு தப்புன்னு கேப்பாங்க. நீதான அடிச்ச?" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. உங்கள் ஊருக்கு வர வேண்டிய வழி, ஒரு வீடுகூட இல்லாத பிளாட்டுகளுக்குப் போனது. பிளாட்டு போட்டவர்களுக்காகப் பேச ஆள் இருந்தது.

சாலை வந்தது. வழவழவென்று, பார்க்க அழகாகத்தான் வந்தது. கருங்கல் பாளங்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் போயின. நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ்கள் பெங்களூருக்குப் போயின. வளர்ச்சி, வளர்ச்சி என்று மைக்கில் கத்தினார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் காட்டுக்கு, பிளாட்டு வரை நடந்துபோய், மூக்கைப் பிடித்துக்கொண்டு சாக்கடையில் இறங்கி ஏறி, திரும்ப அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். விடிவதற்குள் பூப் பறித்தாக வேண்டியவர்கள் அதைச் செய்வார்களா? ஊர்க்காரர்கள் நடுத்தடுப்புக் கம்பியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு அறுத்து வைத்தார்கள்.

அதன் வழியாகத்தான் ஒரு விடியற்காலை, நிறைந்த கூடையோடு குனிந்து இந்தப் பக்கம் வந்தீர்கள். கன்டெய்னர் லாரி நிற்கவில்லை. நான் வந்து பார்த்தபோது உங்களைத் தூக்கிப் போயிருந்தார்கள். பூ மட்டும் வெகுதூரத்துக்குச் சிதறிக் கிடந்தது. அதன் மேல் வண்டிகள் போய்க்கொண்டேயிருந்தன.

மறியல் நடந்தது. கஞ்சி மடிப்புக் கலையாத சட்டைகள் நாலைந்து காரில் வந்து இறங்கின. ஒருவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்காரரிடம் துக்கம் விசாரித்தார். அந்தக் கைக்குட்டையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. போன கையோடு ஒரு மஞ்சள் போர்டு அனுப்பினார்கள். "விபத்துப் பகுதி. நாவமரத்துக் கொட்டகை." நான் அடித்த சொல் எங்கெங்கோ போய், தமிழாகித் திரும்பி வந்து, உங்கள் ஊர் வாசலில் நின்றது.

அந்த வாரமே வேலையை விட்டேன். அதை ஒரு தியாகம்போலச் சொல்லிக்கொள்ள மாட்டேன். மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "அறியாமல் செய்தது" என்று அவர் மன்னித்துவிட்டார். அவ்வளவு சுலபமாகக் கிடைத்த மன்னிப்பு எனக்கு அருவருப்பாக இருந்தது. அறிந்துதானே சுவருக்கு முன்னால் நின்றேன்?

இப்போது அதியமான்கோட்டையிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு அடித்துக் கொடுப்பேன். இன்று சுரங்கப்பாதை நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகாத நேரத்தில் உங்கள் மகள் வந்தாள். இடுப்பில் கூடை. மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள். சுரங்கப்பாதை கேட்டு இப்போது மனு போடப் போகிறார்களாம்.

"அண்ணா, எங்க ஊரு பேரே அந்த லிஸ்ட்ல இல்லைன்னு இப்ப சொல்றாங்க. அம்மா இருக்குதுன்னு சொல்லுச்சே?"

இன்றைக்கும் ஒரு தலையாட்டலில் தப்பித்திருக்கலாம். முடியவில்லை, அக்கா.

"பேரு இருந்துச்சும்மா. பக்கத்துல ஷெட்டுன்னு அடிச்சது நான்தான். அம்மா கேட்டப்ப அதையும் பாத்தேன். சொல்லல."

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. இடுப்புக் கூடையைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"இப்ப ஒழுங்கா அடிங்க" என்றாள்.

அடித்தேன். அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். நாவமரத்துக்கொட்டாய். அடைப்புக்குறிக்குள் ஊர். ஆட்கள் இருக்கும் ஊர். மாரியம்மன் கோயில் இருக்கும் ஊர். என் அம்மா இருந்த ஊர். கடைசி வரியை மனுவில் போட மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் அதையும் அடித்தேன்.

தாளை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சரிபார்த்தாள். நான் படித்துச் சொல்கிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். கிளம்பும்போது மேசை மேலிருந்த மாதா படம் அவள் கண்ணில் பட்டது. நீங்கள் பூ வைத்த அதே படம்தான். அவள் கை பழக்கத்தில் கூடைக்குள் போய் ஒரு கை பூவை அள்ளியது. அப்படியே நின்றாள். பிறகு பூவைத் திரும்பக் கூடையிலேயே போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

படத்துக்கு நான் கடையில் பூ வாங்கி வைப்பதில்லை. வைக்கவும் மாட்டேன்.