விலாக்கறிக்குக் கீழே ஒரு வான்கோழி

அன்புள்ள தம்பி ராய்ஸுக்கு,

அக்கா வெர்னா எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதல்லவா, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அலாஸ்காவில் இப்போது மூச்சு விட்டாலே மீசை உறைந்துவிடும் என்கிறார் உன் அத்தான் கர்ட்டிஸ். படகு இன்ஜினைப் பிரிக்கும்போது கைக்கு உறை போடுகிறாயா? போடமாட்டாய், எனக்குத் தெரியும்.

இங்கே டெக்சஸில் போன வாரம்வரை சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் திரிந்தோம். உன் வீட்டுப் பீக்கன் மரம் இந்த வருஷம் காய்த்துக் கொட்டிவிட்டது. அணில்கள் தின்றது போக எனக்கும் கொஞ்சம் விட்டுவைத்தன. பின்பக்கக் கூரையில் ஒரு தகடு தூக்கிக்கொண்டிருந்தது, கர்ட்டிஸ் ஏறி அடித்துவிட்டார். ஏறியவருக்கு இறங்கத்தான் ஏணி போதவில்லை. அந்தக் கதையை நேரில் சொல்கிறேன்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நன்றித் திருநாள் விருந்துக்கு உன் புகையடுப்பைப் பற்ற வைத்தோம். போன வருஷம் உன் ஓபல் கண்ணை மூடிச் சில மாதம்கூட ஆகவில்லை, யாருக்கும் மனசே வரவில்லை. கடையில் வாங்கிய பன்றித்தொடையை அறுத்து வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தோம். இந்த வருஷமும் அப்படி ஒரு சாப்பாடு என்னால் முடியாது என்று கர்ட்டிஸிடம் சொன்னேன். பூட்டிய வீட்டுக்குப் பின்னால் அந்தக் கறுப்பு இரும்புப் பீப்பாய் துருப்பிடித்துக் கிடப்பதைக் கண்டால் ஓபலே நம்மைச் சும்மா விடமாட்டாள் என்றேன். பழைய எண்ணெய்த் தொட்டியை உன்னோடு சேர்ந்து வெட்டி ஒட்டி அந்த அடுப்பைச் செய்தவர் என்பதால் அதில் தனக்கும் பாதி உரிமை என்று அவரும் கிளம்பிவிட்டார்.

எல்லாம் உன் முறைப்படிதான் செய்தார். வான்கோழியை உப்பும் வெல்லச் சர்க்கரையும் கரைத்த தண்ணீரில் ஊற வைத்தார். காய்ந்த ஓக் விறகு மட்டும்தான் போட்டார். வெள்ளைப் புகை அடங்கி மெல்லிய நீலமாக வரும்வரை காத்திருந்து, பிறகுதான் பறவையைக் கீழ்த்தட்டில் ஏற்றினார். உன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தவர், டிவியில் கால்பந்து ஓடியும் எழுந்திருக்கவில்லை. மூடியைத் திறக்கவும் இல்லை. என்னையும் கிட்டே விடவில்லை.

விலாக்கறி மட்டும் வைக்கவில்லை. அது ஓபலுடைய வேலை. அவள் இடத்தில் நான் எப்படிக் கை வைப்பேன்? மேல்தட்டைத் தேய்த்துக் கழுவிக் காலியாகவே விட்டேன்.

நான் நினைத்தே பார்க்காத ஒன்று அப்புறம் நடந்தது. உன் கொல்லையிலிருந்து புகை எழும்பியதும் ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டார் வேலிமேல் எட்டிப் பார்த்தார்கள். தேவாலயத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். எல்மர் சித்தப்பா எப்போதும்போல வீட்டிலிருந்தே தன் தட்டை எடுத்துக்கொண்டு, தடியை ஊன்றி ஊன்றி வந்தார். உன் நாற்காலியில் கர்ட்டிஸைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ராய்ஸ் பய வந்துட்டான்னுல்ல நெனச்சேன்" என்றார். நான் உன் சமையலறைக்குள் போய்ச் சோளரொட்டி மாவைக் கிளறினேன், அதைக் கிளறவே தேவையில்லை.

சாப்பாடு எப்படி என்று கேட்கிறாயா? பார்க்க அழகாகத்தான் இருந்தது, தேக்குப் பலகை நிறத்தில். வாயில் வைத்தால் வறண்ட சுண்ணாம்புக்கட்டி. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் குழம்புக் கிண்ணம் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தது. கர்ட்டிஸ் முகம் செத்துப்போய்விட்டது. பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

மறுநாள் கம்பித்தட்டுகளைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. மேல்தட்டில் ஒரு பிசுக்கும் இல்லை, வைத்தது வைத்தபடி இருந்தது. முன்பு ஒரு கிறிஸ்துமஸுக்கு நீ வான்கோழியை அறுத்து எல்லாருக்கும் போட்டுவிட்டு, உப்புத்தண்ணீரின் பெருமையை அளந்துகொண்டிருந்தாய். ஓபல் ஏப்ரனால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே என் காதோரம் வந்தாள். "அண்ணி, அந்தக் கோழிக்கு நாள் பூரா எண்ணெ தேச்சு விடுறது என் விலாக்கறிதான். அவருகிட்ட சொல்லிடாதீங்க, மனசு ஒடஞ்சிடுவாரு" என்றாள். அவள் எப்போதும் பேசுகிற கேலி என்றுதான் அன்று நினைத்தேன். மேலே வெந்த விலாக்கறியின் கொழுப்பு சொட்டுச் சொட்டாக இறங்கித்தான் உன் வான்கோழி அத்தனை பதமாக இருந்திருக்கிறது. அதை இப்போது உன்னிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னை மன்னிப்பாள்.

தம்பி, கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. அந்த வீட்டுக்குள் நுழைய உனக்குக் கால் வராது என்று தெரியும். உள்ளே போகவே வேண்டாம், எங்களோடு தங்கிக்கொள். கொல்லைக்கு மட்டும் வா. அன்றைக்குப் புகையைப் பார்த்து வந்தவர்கள் வான்கோழிக்காக வரவில்லையடா.

கர்த்தர் உன்னைப் பத்திரமாக வழிநடத்தட்டும்.

உன் அன்பு அக்கா,
வெர்னா

*

அன்புள்ள அக்காவுக்கு,

ராய்ஸ் எழுதுவது. கடிதம் வந்தது. நான்கு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். கைக்கு உறை போடுகிறேன், சில நாள்.

ஓபல் உன் காதில் சொன்னது எனக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும். கல்யாணத்துக்கு முன்பு அதே பீப்பாயில் தனியாக ஒரு வான்கோழி வாட்டினேன். நம் நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. அவள் வந்து மேல்தட்டில் விலாக்கறி ஏற்றிய பிறகுதான் என் கோழி ஊரில் பேர் வாங்கியது. ஆனால் நான் மார் தட்டத் தட்ட அவள் ஏப்ரனுக்குள் சிரிப்பாள் பார், அதைப் பார்க்கத்தான் வருஷா வருஷம் உப்புத்தண்ணீர்ப் பெருமை அடித்தேன். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே அவள் போய்ச் சேர்ந்தாள். அதுவும் நல்லதுதான்.

நான் வராததற்குக் காரணம் வீடு இல்லை, அக்கா. வீட்டைத் தாங்கிக்கொள்வேன். மூடியைத் தூக்கியதும் அந்த மேல்தட்டு காலியாக இருக்குமே, அதை நினைத்துத்தான் பயந்தேன். நீயோ அதைக் கழுவி வேறு வைத்திருக்கிறாய்.

வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்தினமே வந்துவிடுவேன். விலாக்கறியை நீ செய். எலும்புப் பக்கத்துச் சவ்வை உரித்துவிடு, உரிக்காவிட்டால் மசாலா இறங்காது என்பாள். வினிகரும் கடுகும் கலந்து அவள் தடவுகிற தூரிகை சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஊரைவிட்டுக் கிளம்பும்போது அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. நீ எடு. நாற்காலியில் அத்தானே உட்காரட்டும், நான் நின்றுகொள்கிறேன். எல்மர் சித்தப்பாவைத் தட்டு கொண்டு வரச் சொல்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் பழையபடி வான்கோழிப் பெருமை அளப்பேன். அப்போது நீ ஏப்ரனால் வாயை மூடிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும், அக்கா. நான் கவனிக்காததுபோல இருந்துகொள்வேன்.

உன் தம்பி,
ராய்ஸ்